எட்டாம் குழிச் சரிவு

விடிவதற்குள் புல்லின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். அந்தக் கோல்ஃப் கிளப்பில் அதற்கென்றே ஆள் இருந்தது. பெண்கள் நீண்ட மூங்கில் கழிகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, புல்நுனியில் நிற்கும் பனியைத் தட்டிவிடுவார்கள். துரைமார் அடிக்கும் பந்து ஈரத்தில் தயங்கி நின்றுவிடக் கூடாதாம். தட்டுகிறவர்களின் சேலை முழங்கால்வரை நனைந்து, கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் பிடித்து அரித்தது. அந்தக் கால்களைத் துடைக்க யாரும் ஆள் வைக்கவில்லை.

அருளப்பன் கொட்டகையில் குந்தியிருந்து புல்வெட்டி வண்டியின் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஐம்பத்தேழில் சிங்கப்பூரில் அப்படி வண்டி வைத்திருப்பது பெரிய கௌரவம் என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். கௌரவத்தின் டயர் மட்டும் மொட்டையாகிக் கிடந்தது.

போன மாதம்வரை அதை ஓட்டியவன் காதர் மைதீன். எட்டாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. மேலிருந்து கீழே நேராக ஓட்டினால் ஆபத்து குறைவு. ஆனால் வராந்தாவில் தேநீர் குடிக்கிற துரைமாரின் கண்ணுக்குக் குறுக்குக் கோடுகள்தான் அழகு. குறுக்கே ஓட்டியபோது ஈரப்புல்லில் டயர் சறுக்கி, வண்டி புரண்டு அவன் கால்மேல் விழுந்தது. காலை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று ஆஸ்பத்திரியில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கிளப்பில் யாரும் யோசிக்கவில்லை. வண்டி அருளப்பனுக்கு வந்தது, சரிவும் கூடவே வந்தது.

வண்டியைக் கொடுத்த அன்றைக்கு, கிளப்புக்கு ஆள் விடுகிற கண்டிராக்டர் திருவேங்கடம் தாராளமாகத்தான் பேசினார். "புது டயர் போட்டுருவோம். ஓட்டப்போறவன் நீதானே, நீயே போய்ப் பாத்துட்டு வா" என்றார். சிராங்கூன் ரோட்டில் எந்த மேடையில் மாலை போட்டாலும் கழுத்தை நீட்டி, தொழிலாளர்தான் நாட்டின் முதுகெலும்பு என்று பேசுகிற மனிதர் அவர். முதுகெலும்பின்மேல் எத்தனை பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அவர் பேச்சை நம்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருளப்பன் ஜாலான் புசாரில் இருந்த தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற சீன முதலாளியின் டயர் கடைக்குப் போனான். புல் வாருகிற பெண்களில் மூத்தவளான முத்தாயியும் கூட வந்தாள். வண்டி உருண்டால் சரிவின் அடியில் நிற்கிற அவள் தலையில்தான் முதலில் விழும். அதனால் டயரைப் பார்க்கத் தனக்கும் உரிமை உண்டு என்றாள்.

தவுக்கே மூன்று வகை காட்டினார். ஒன்று வழவழப்பாக, பேருக்கு நாலு கோடு போட்டது. இன்னொன்று டிராக்டருக்குப் போடுகிற முரட்டுக் கட்டை டயர். மலையே ஏறும், ஆனால் புல்லைப் பிய்த்து எறிந்துவிடும். மூன்றாவது அகலமானது, சின்னச் சின்னப் பட்டன் வைத்தது. சரிவைக் கவ்வும், பாரம் பரவுவதால் தரையும் பள்ளமாகாது. முத்தாயி பட்டன்களுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதான் அருளு. புல்லுக்கும் நோகாது, நமக்கும் நோகாது."

புல்லுக்காகவும் இரக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பட்டன் டயரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

இன்றைக்குக் காலையில் திருவேங்கடத்தின் கார் வந்து நின்றது. டிக்கியிலிருந்து இறங்கியவை வழவழ டயர்கள்.

"இது இல்லையே முதலாளி, நாங்க பாத்தது" என்றான் அருளப்பன்.

"கிளப் கேப்டன் துரை வேணாம்னுட்டார். பட்டன் புல்லுல அச்சுப் பதியுமாம். பந்து நேரா உருளாதாம்."

"ஆள் உருண்டா பரவாயில்லையா?"

"நீ பாத்து ஓட்டுனா ஏன்யா உருளுது? காதர் தூங்கிட்டே ஓட்டியிருப்பான். டயர் என்ன செய்யும்?"

சொல்லிவிட்டுத் திருவேங்கடம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவன் கால் போகப்போகிறது, இவருக்கு வேர்வைதான் கவலை. அருளப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடம் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அவன் மறுக்கவில்லை. மறுக்க முடியாது. கிளப்புக்குப் பின்னால் இருக்கும் கூலி லைனில் ஓர் அறை, அதில் மனைவி பிரிஜட்டும் இரண்டு பிள்ளைகளும். வேலை போனால் அறையும் போகும். டயரை மாட்டி வண்டியைச் சரிவின் தலைக்குக் கொண்டுவந்தான்.

திருவேங்கடம் சட்டைப்பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். அந்தக் கொட்டகையில் புது டயர் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வேலைக்கு இறங்கியதே இல்லை. காதர் மைதீன் பிஸ்மி சொல்லி வைப்பான், அருளப்பன் சிலுவை போட்டு வைப்பான், முத்தாயி மாரியாத்தாளைக் கும்பிட்டு வைப்பாள். பழம் வைத்து ஏறிய பிறகு டிரைவர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் வண்டிக்கு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். திருவேங்கடத்துக்கு டயரைப் பற்றித் தெரிந்ததோ இல்லையோ, இது நன்றாகத் தெரிந்திருந்தது. வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுகிற கை, தானே குனிந்து நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தது.

"ஏறு. சாமி பாத்துக்கும்" என்றார்.

அருளப்பன் ஏறி உட்கார்ந்தான். கீழே பனி தட்டி முடித்த பெண்கள் வாரியோடு நின்றார்கள். புல் இன்னும் பளபளத்தது. போன மாதம் வண்டி புரண்டு உழுத தடத்தில் புதுப்புல் முளைத்து, நடந்ததை மறைத்துவிட்டிருந்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டு என்ஜினை முடுக்கினான்.

முத்தாயி வாரியைக் கீழே போட்டாள். சரிவில் விறுவிறுவென்று ஏறி வந்து, முன்சக்கரத்தின் அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

திருவேங்கடம் திகைத்துப்போனார். "ஏய், சாமி காரியம். வச்சத எடுக்கலாமா?"

"சாமிக்கு வச்சதுன்னா கோயில்ல வைங்க. இது எங்கள மேல அனுப்பறதுக்கு வச்சது."

"என்னாடி பேசுற? டயர் நல்ல டயர்லா."

"நல்ல டயரா?" அவள் அவருடைய காரைக் காட்டினாள். புத்தம்புதுச் சக்கரங்கள். டயரின் பள்ளத்தில் அவள் விரல் நகம்வரை இறங்கும். "அப்ப உங்க காருக்கு ஏன் இத்தனை பள்ளம்? அதுவும் தார் ரோட்டுக்கு?"

"அது வேற, இது வேற."

"வேறதான் முதலாளி" என்றான் அருளப்பன். என்ஜினை நிறுத்தினான். "அது நீங்க உக்காரறது. சரி, நீங்களே ஒருக்கா குறுக்க ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் நாள் முழுக்க நான் ஓட்டறேன்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். திருவேங்கடம் சரிவைப் பார்த்தார், தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு எனக்கு லைசென்ஸ் இல்ல" என்றார்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு சரிவின் அடிவரை இறங்கிப் போனது. காதர் மைதீன் விழுந்த நாளிலிருந்து அந்தப் புல்வெளியில் யாரும் சிரித்ததில்லை.

பழம் வைத்த வண்டியிலிருந்து இறங்குவதற்கு அருளப்பனுக்கு ஒரு நொடி தயக்கம்தான். பிறகு இறங்கினான். மற்ற மூன்று பழங்களையும் எடுத்து முத்தாயியிடம் கொடுத்தான். அவள் ஒன்றை மடியில் முடிந்துகொண்டாள். "காதருக்கு. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப." மற்ற மூன்றையும் அரிவாளில் அறுத்துத் தண்ணீர் வாளியில் பிழிந்தாள். யாரோ கஞ்சிக்கு வைத்திருந்த உப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். தகரக்குவளை கைமாறியது.

"நாளைக்கே லைன காலி பண்ணுங்க. எல்லாரும்" என்று திருவேங்கடம் கத்தினார்.

அருளப்பனுக்குப் பிரிஜட்டின் முகம் கண்முன் வந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் எல்லாரும் என்று அவரே சொல்லிவிட்டார். இதுநாள்வரை ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் மிரட்டியிருந்தார்.

"எல்லாரும்னா சரி" என்றாள் முத்தாயி. "யூனியன் ஆபீசுக்கும் எல்லாருமே போறோம். பட்டன் டயர் வந்தா வண்டி ஓடும்."

அவளும் அருளப்பனும் சரிவிலேயே உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள். வராந்தாவில் ஒரு துரை கையைக் கண்ணுக்குமேல் வைத்து, கோடு இன்னும் விழவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றார். திருவேங்கடம் அவருக்குப் பதில் சொல்ல ஓடினார், ஈரப்புல்லில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து.

வெயில் ஏறியது. அருளப்பன் குவளையை வாங்கிக் குடித்தான். அவனுக்குக் கீழே புல் வளர்ந்துகொண்டிருந்தது.