பம்ப் மேல் போட்ட பழி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த மெஷினைக் கண்டாலும் சந்தேகம். எட்டு வயது மகளின் இடுப்பில் இருக்கும் இன்சுலின் பம்ப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவள் கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரை அளவைச் சொல்லும், பம்ப் தானாகவே மருந்தைக் கூட்டும், குறைக்கும். சாப்பாட்டுக்கு முன் மட்டும் எவ்வளவு சாப்பிடப்போகிறாள் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் மருந்து உள்ளே போய்விடும். போனதைத் திரும்ப எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

மூன்று நாளாக மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் அலாரம் அலறுகிறது. இன்றும் அப்படித்தான். பம்ப்பில் தொடங்கிய புருஷன் பெண்டாட்டி சண்டை, கல்யாணத்தன்று யார் யாரை முறைத்தார்கள் என்பதுவரை போயிருந்தது. அலாரம் கேட்டதும் இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு மகளிடம் ஓடினார்கள்.

பம்ப்பின் திரையில் சர்க்கரை ஐம்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. அம்புக்குறி கீழே பார்த்தது.

பிள்ளைக்கு உதடு வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. அம்மா ஜூஸைப் புகட்டினாள். ஐம்பத்தொன்று. அவர் பம்ப்பை முறைத்தார்.

"பாழாப்போன மெஷின்! இன்னிக்கே கழட்டி எறியறேன்."

மருந்து போகும் ட்யூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மகள் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு அடியில் மூன்று காகிதப் பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றைப் பிரித்தார். ரொட்டியும் உருளைக்கிழங்கும், இன்றைக்கு அவள் தட்டில் வைத்தது. மற்ற இரண்டிலும் எறும்பு மொய்த்தது.

"என்ன கண்ணு இது? நீ சாப்பிடவே இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிப்பாவி, மருந்து போனப்புறம் சாப்பிடாம இருந்தா செத்துப்போயிருப்பியேடி!" அம்மா அவளை இறுக்கிக்கொண்டு அழுதேவிட்டாள். "ஏன்டி இப்படிப் பண்ணே?"

"அலாரம் அடிச்சாத்தான் ரெண்டு பேரும் சண்டைய விட்டுட்டு எங்கிட்ட வர்றீங்க."

மூன்று நாளாக அவர் அந்தப் பம்ப்பைத் திட்டாத திட்டு இல்லை. அதனிடம் சொன்னதை அது செய்தது, அவ்வளவுதான். மகளின் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

அறுபத்து மூன்று. எழுபத்தைந்து. கால் மணி நேரம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றிரண்டு, அம்புக்குறி மேலே.

"அப்பாடா, ஏறிடுச்சு," என்றாள் அம்மா.

பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப திரும்பவும் ஆரம்பிச்சிருவீங்களா?"