சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

பாடைக்கு வழி விட வேண்டும் என்று நான்கு பேர் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். காலையில் விட்டுப்போன இடத்திலேயே, வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, அந்த வெள்ளை மாருதி தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. மோகன்குமார் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தான்.

"ஏம்மாப்ளே, பத்து வருசமாப் பட்டறையில மோட்டாரு ரிப்பேரு பண்றே. ஒரு காரக் கெளப்பத் தெரியிலயா உனக்கு?" என்றார் காளிச்சாமி. மோகன்குமாரின் அம்மாவுக்கு அண்ணன் அவர். கோபியிலிருந்து மதியம்தான் வந்திருந்தார். தள்ளுவதற்குக் கை கொடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டபடி கூடவே நடந்தார்.

"தண்ணி மோட்டாருன்னா கெளப்பிருப்பாப்ல. இது ரோட்டுல ஓடறதுங்களே" என்று தள்ளியவர்களில் ஒருவர் சொன்னார். யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மோகன்குமார் காரை மின்கம்பத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, மற்றவர்கள் போன பிறகும் இறங்காமல் இருந்தான். வரலட்சுமி ஜன்னல் அருகே போனாள். அவள் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா போன பிறகு அண்ணனும் தங்கையும் தனியாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஆறு மணி இருக்கும் கண்ணு" என்றான் அவன். "அப்பா நெஞ்சு வலிக்குதுன்னாரு. தூக்கிப் பின்சீட்டுல படுக்க வெச்சேன். சாவியத் திருப்புனா செல்ப் எடுக்குது, இஞ்சின் புடிக்கவே இல்ல. தெருவே வந்து தள்ளுச்சு. அப்பவும் புடிக்கல. கடைசில எதுத்த ஊட்டுக் குல்சும் அக்கா மகன எழுப்பி அவன் ஆட்டோவுல போட்டுக்கிட்டுப் போறதுக்குள்ள அரை மணி நேரம் போயிருச்சு. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. அரை மணி முன்ன வந்திருந்தா ஏதோ பார்த்திருக்கலாம்னு."

"உடுங்கண்ணா."

"அவரால பேச முடியில. முன்சீட்டுக்கு அடியில கையக் காட்டிக் காட்டித் தரையத் தட்டுனாரு. எனக்கு மொதல்ல புரியில. அப்பறந்தான் தெரிஞ்சுது, செருப்புப் போடாமத் தூக்கியாந்துட்டேன். அவருக்குத்தான் வெறுங்கால்ல வெளிய போனாப் புடிக்காதே. ஊட்டுக்குள்ள ஓடி எடுத்துட்டு வந்து ரெண்டு கால்லயும் மாட்டி உட்டேன். அதுக்கப்பறம் கையக் கீழ போட்டுட்டாரு." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "செருப்பத்தான கேட்டிருப்பாரு?"

வரலட்சுமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்கண்ணா. செருப்பத்தான் கேட்டிருப்பாரு."

அவன் தலையை ஆட்டினான். காலையிலிருந்து அவன் செய்தவற்றில் சரியாக நடந்தது அது ஒன்றுதான் என்பதுபோல இருந்தது அவன் முகம்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது அந்த வருடம் வைகாசியில். ஆடிக்கு அழைத்து வந்தபோது ஒரு மாதம் முழுக்க அம்மா வீட்டில் வேலை எதுவும் இல்லாமல் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். அப்போதுதான் அப்பா சென்னியப்பன் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பம்ப்செட் ரிப்பேருக்கு வருகிற ஒருவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த கார் அலாரம். ஒரு சைரன், நான்கு கதவுக்கும் நான்கு சின்ன மோட்டார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு ரிமோட், பல நிறத்தில் ஒயர்கள், எழுத்து அழிந்துபோன ஒரு படம். பொருத்திக் கொடுக்கக் கடையில் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊட்டுலயே டிப்ளமோ இருக்குது" என்றார்.

இரண்டு பேருமாக நான்கு கதவுகளின் உள்பலகையையும் கழற்றினார்கள். ஏழு கிளிப் உடைந்தது. ஒயரைக் காருக்குள் தரையில் விரித்திருந்த மிதியடிக்கு அடியில் இழுத்து, ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் வரலட்சுமியே முறுக்கி, ஈயம் பற்ற வைத்து, டேப் சுற்றினாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பா ரிமோட்டை அமுக்கியதும் நான்கு கதவும் ஒன்றாக 'டக்' என்று திறந்துகொண்டன. அவர் மூடித் திறந்து, மூடித் திறந்து, பன்னிரண்டு தடவை பார்த்தார். அம்மா சாமியாத்தாள் வெளியே வந்து, "கதவத் தொறக்கறதுக்கு அஞ்சு நாளு வேல செஞ்சீங்களாக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மோகன்குமார் ஒரு தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போன பிறகு, அப்பா ஒரு சாதாரண ஸ்விட்சைக் கொண்டுவந்தார். இஞ்சினுக்குப் போகிற ஒயரை வெட்டி அதன் வழியாகக் கொண்டுபோகச் சொன்னார். டிரைவர் சீட்டுக்கு அடியில், பின்பக்கமாக, மிதியடி மறைக்கிற இடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஸ்விட்சை அணைத்துவிட்டால் ரிமோட் வேலை செய்யும், விளக்கு எரியும், செல்ப் எடுக்கும். வண்டி மட்டும் கிளம்பாது.

"ரிமோட்டு இருக்கறப்ப இது எதுக்குங்கப்பா?"

"அலாரம் திருடனுக்கு. இது உங்கண்ணனுக்கு" என்றார். "அவங்கிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு."

இரண்டு வருடம் முன்பு மோகன்குமார் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு அந்தியூர்ச் சந்தைக்குப் போய், ஒரு பாலத்தில் இடித்துக்கொண்டு வந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் கேட்காமல் சாவியைத் தொட்டதில்லை. அப்பாவுக்கு அது போதவில்லை. தினமும் இரவு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். காலையில் அவரே காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை மகனிடம் கொடுப்பார். வரலட்சுமி சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் அப்பாவோடு ஒரு விஷயம் வைத்திருப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். வரலட்சுமி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு டி.வி. மேலிருந்த சாவியை எடுத்தாள்.

"எங்க அம்மணி போறே?" என்று கேட்டாள் அம்மா.

"கார்க் கதவு பூட்டாம இருக்குதும்மா."

ரிமோட்டை அமுக்கினாள். விளக்கு இரண்டு தடவை சிமிட்டி 'கீங் கீங்' என்றது. எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த உம்மல் குல்சும் திரும்பிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பின்கதவைத் திறந்து, அப்பா படுத்திருந்த பக்கமாக மண்டியிட்டு, முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். மிதியடி ஓரம் மடங்கியிருந்தது. ஸ்விட்ச் கீழ்ப்பக்கம் சாய்ந்து, அணைந்தபடியே இருந்தது. பின்சீட்டில் படுத்துக் கையை நீட்டினால் எட்டாது. நான்கு விரற்கடை குறையும். அவள் அதையும் நீட்டிப் பார்த்தாள்.

டேஷ்போர்டு அறையில் ஸ்க்ரூ டிரைவரும் டேப்பும் இருந்தன. ஸ்விட்சைக் கழற்றி, இரண்டு ஒயரையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி, டேப் சுற்றி, மிதியடியை இழுத்து மூடினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டு முன்பக்கம்தான் பட்டறை. அங்கே ஒரு பால்பவுடர் டப்பாவில் இதே மாதிரி பழைய ஸ்விட்சுகள் இருபது முப்பது கிடந்தன. புடவை முந்தியில் முடிந்து வந்ததை அவிழ்த்து அந்த டப்பாவில் போட்டுவிட்டு, அது எது என்று அவளுக்கே தெரியாதபடி ஒரு தடவை குலுக்கினாள்.

மறுநாள் காலை பேரூருக்குப் போய்ச் சாம்பல் கரைக்க வேண்டும். ராத்திரி முழுக்க பட்டறையில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மோகன்குமார் காருக்கு வந்தான். மொட்டையடித்த தலையோடு அவனைப் பார்க்கச் சின்னப் பையன்போல இருந்தது. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். முதல் தடவையிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவன் அணைத்துவிட்டு மறுபடி போட்டான். பிடித்தது. அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இனி அவன் தேடுவான் என்பது வரலட்சுமிக்குத் தெரியும். மோட்டார் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கிற ஆள் இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டை இருக்கும். இரவு படுத்திருந்தபோதே என்ன சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"அண்ணா, நேத்து நீங்கெல்லாம் போனதுக்கப்பறம் நான் பார்த்தேங்க. அலாரத்துக்கு நான் போட்ட ஜாயிண்ட்டு ஒண்ணு உட்டுப்போயிருந்துச்சு. நான் சரியாப் பத்த வெக்கல. நாந்தான்."

அவன் அவளையே பார்த்தான். சாமியாத்தாள் உள்ளே யாரிடமோ விபூதித்தட்டு கேட்கிற சத்தம் கேட்டது.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேங்கண்ணா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லீங்."

"சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே." இறங்கி வந்து பானெட்டைத் திறந்து கம்பி கொடுத்து நிறுத்தினான். "ஒயருன்னா உட்டுப்போகத்தான் செய்யும். நீ என்ன பண்ணுவே."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் இஞ்சின் சத்தம் கேட்டுக் காளிச்சாமி பல் குச்சியோடு வெளியே வந்துவிட்டார்.

"இப்ப எப்படிடா கெளம்புச்சு? நேத்துத் தெருவே தள்ளுச்சுங்கறாங்க."

"இஞ்சினுக்குப் பொறி குடுக்கற காயிலு போச்சுங்க மாமா" என்றான் மோகன்குமார். "ஒரு நேரம் புடிக்கும், ஒரு நேரம் புடிக்காதுங்க. எனக்கு நேத்து அது தோணவே இல்ல. நாந்தான் பார்த்திருக்கோணும்."

"பார்த்திருக்கோணுமா? உங்கப்பன் போய்ச் சேர்ந்தப்பறம் சொல்றே!" அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "இதுலயா சாம்பலக் கொண்டுக்கிட்டுப் பேரூர் போறது? நடு ரோட்டுல நின்னா? மொதல்ல புதுசு வாங்கிப் போடு, போ."

"சரிங்க மாமா."

அவன் ஸ்பேனரை எடுத்து வந்தான். ஒயர்களை உருவி, நன்றாக இருந்த அந்தக் காயிலைக் கழற்றி, கடையில் காட்டிக் கேட்க வேண்டும் என்று பழைய பேப்பரில் சுற்றினான். கழற்றிய இரண்டு போல்ட்டையும் தங்கையின் கையில் கொடுத்தான்.

"வெச்சிரு கண்ணு. தொலஞ்சுபோயிரும். இப்ப வந்தர்றேன்."

பொட்டலத்தை முன்னால் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். பிப்டியை மிதித்துக் கிளப்பினான். மாமா இடுப்பில் கையை ஊன்றி, திறந்த பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரலட்சுமி எண்ணெய் படிந்த இரண்டு போல்ட்டையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்காமல் போன பிறகும் அங்கேயே நின்றாள்.