தெருவெல்லாம் ஸ்டெபிலைசர்

பொன்செல்விக்கு அன்று காலையிலிருந்தே எதிர்வீட்டுக் கருத்தப்பாண்டி மேல்தான் கோபம். அவர் விசைத்தறிகள் சடசடவென்று ஓட, இவள் தறி பத்தியச் சோறு தின்றதுபோல் முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சேலை எடுக்க வியாபாரி அய்யாத்துரையின் வேன் வந்துவிடும். இன்று முடிக்காவிட்டால் இனி ஆர்டரெல்லாம் எதிர்வீட்டுக்குத்தான் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை விட்டால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

"பெரிய மனுசன் பாக்குத வேலையா இது? வோல்டேஜ் பூராத்தையும் உறிஞ்சுதாரே!" என்று திட்டிக்கொண்டே கட்டிலுக்கடியில் கையை விட்டாள். அங்கே தெருவில் யாருக்கும் தெரியாமல் அவள் வைத்திருந்த, வோல்டேஜை ஏற்றும் ஸ்டெபிலைசர் பெட்டி இருந்தது. கேட்டவர்களிடம் கிரைண்டர் என்று சொல்லி, திருநெல்வேலி பஸ்ஸில் சேலையைச் சுற்றிக் கொண்டுவந்தது. குமிழைத் திருகி வோல்டேஜை ஏற்றினாள். தறிக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முனகியது. இன்னும் ஏற்றினாள். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டமாரென்று ஒரு சத்தம். தெருவே அடங்கிப்போனது.

மின்வாரிய இளநிலைப் பொறியாளர் மாரிசெல்வி வந்து கருகிய பியூஸைப் பார்த்தாள். கூடிநின்றவர்களையும் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க, எத்தன வீட்டுல ஸ்டெபிலைசர் இருக்கு?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். முதலில் கையைத் தூக்கியது கருத்தப்பாண்டி. அடுத்து பொன்செல்வி. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல் தெருவே தூக்கியது.

மாரிசெல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த டிரான்ஸ்பார்மருக்குள்ள ரெண்டு செம்புச் சுருள். ஒண்ணுல பதினோராயிரம் வோல்ட் வருது, இன்னொண்ணுல நமக்கு வேண்டிய அளவுக்குக் கொறஞ்சு வெளிய போவுது. ஒங்க பெட்டிக்குள்ளயும் சுருள்தான் இருக்கு. ஆனா அது வோல்டேஜ ஏத்துது. ஏத்துததுக்குத் தெருக் கம்பிலேர்ந்து கரண்ட்ட கூட இழுக்குது. இழுக்க இழுக்க அடுத்த வீட்டுல கொறையுது. அவரும் ஏத்துதாரு. புதுசா ஒரு சொட்டுக் கரண்ட்ட இந்தப் பெட்டி உண்டாக்காதுக்கா."

"இப்ப என்ன செய்ய?" என்றாள் பொன்செல்வி.

"பெட்டிய எல்லாம் கழத்துங்க. பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டிருக்கேன். அது வார வரைக்கும் மொற வச்சு ஓட்டுங்க."

யாருக்கு முதல் முறை என்று சலசலப்பு எழுந்தது. கருத்தப்பாண்டி குரலை உயர்த்தினார். "பொன்செல்வி மொதல்ல ஓட்டட்டும். நாங்க நிறுத்திக்கிடுதோம்."

பியூஸ் போட்டதும் பொன்செல்வியின் தறி மட்டும் தெருவில் தனியாக ஓடியது. பெட்டியே இல்லாமல் அப்படி ஒரு வேகம். வேன் வந்து நின்றபோது கடைசிச் சேலையும் மடித்தாகிவிட்டது.

வேன் போனதும் எதிர்வீட்டுக்குப் போனாள். கருத்தப்பாண்டி ஓடாத தறிக்குப் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் முடிக்காட்டா ஆர்டர் ஒங்களுக்குல்லா வந்திருக்கும்?"

"தெரியும்மா. அய்யாத்துரை காலைலயே போன் போட்டுக் கேட்டாரு. நம்ம பொன்செல்வி முடிச்சிருவா, எனக்கு வேண்டாம்னுட்டேன்."

 காலையிலிருந்து திட்டிய திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று பொன்செல்விக்குத் தெரியவில்லை.