கொத்தாத சுவர்

துறைமுகத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய பழைய பண்டசாலையைப் புதுப்பித்தபோது, பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிரும் இருந்தது.

பின் அறைச் சுவரில், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியவர்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டாகக் கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். வள்ளத்துக்குப் பூசும் தாரால். 'மூத்ததம்பி, சாம்பல்தீவு, 7 பேர்' என்பது என் அப்பப்பா. ஏழு பேருக்கு ஐந்து முழம்.

பொறியியலாளர் சுகிர்தன் அதைப் பூசி மூடச் சொன்னார்.

"சனம் ஒல்லாந்தர் கட்டினதைப் பாக்க வருது. அகதி முகாம் பாக்க இல்லை."

"ஒல்லாந்தர் உங்கட மாமன்மாரோ?" என்றேன்.

அதோடு நிற்காமல் மேலிடத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். ஏசித்தான் எழுதினேன். அடுத்த மாதம் பூச இருந்த சுவரை மறுநாளே பூசச் சொல்லிவிட்டார்கள்.

பூசியவர் கிண்ணியா ஊர் மேசன், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் றஊப்.

"நீங்களுமோ நானா?"

"சொன்ன வேலையச் செய்யிறன் புள்ள. தள்ளி நில்லுங்க, சாந்து தெறிக்கும்."

அதற்குப் பிறகு அவருடன் நான் கதைக்கவில்லை.

கார்த்திகை மழையில் சுவர் ஊறியது. ஒரு சனிக்கிழமை, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே பெயர்கள் அப்படியே இருந்தன. ஒரு சுத்தியல் அடிகூட இல்லை. பழைய சுவரைக் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் சாந்து பிடிக்காது. தாரின்மேல் பிடிக்கவே பிடிக்காது. முப்பது வருட மேசனுக்கு இது தெரியாதா?

கனடாவிலிருந்து வந்திருந்த வசந்தினி அக்கா தன் தகப்பன் தர்மசீலனின் பெயரைக் கண்டு அதன் கீழே, அந்தத் தூசிக்குள், குந்திவிட்டார். மகள் கீர்த்தனியையும் பக்கத்தில் இழுத்தார்.

"இதுதான் எங்கட வீடு. ஆறு மாசம்."

அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த பெண் காலை நீட்டினாள்.

"காலை மடக்கு. கோட்டுக்கு அங்கால மூத்ததம்பியண்ணை ஆக்கள்."

"நான் அவரின்ர பேத்திதான். நீட்டட்டும் அக்கா," என்றேன்.

சுகிர்தன் திரும்பப் பூச ஆட்களோடு வந்தார். கீர்த்தனி எழும்பவில்லை. "இது என்ர அம்மப்பா வீடு. ஏன் மூடுறீங்கள்?" என்றாள். வந்திருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "சரி, இருக்கட்டும்," என்றுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து கிண்ணியாவுக்குப் போனேன்.

"ஏன் விழுந்தது எண்டு தெரியும் நானா. பெரிய உதவி. நான்தான் விசர்ப்பிடிச்சு உங்களோட கதைக்காமல் நிண்டனான்."

"அதெல்லாம் கிடக்கட்டும். றஊப் பூசினது விழுந்திட்டாம் எண்டு ஊரெல்லாம் கதை. ஒரு வீட்டு வேலையும் கைய விட்டுப் போச்சு."

"சுவருக்குப் பக்கத்தில உங்கட பேரை எழுதி வைக்கட்டோ? கொத்தாமல் காப்பாத்தினவர் எண்டு?"

கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுங்க. கீழ போன் நம்பரையும் போடுங்க."

போட்டேன்.