தவக்காலத்து ரத்தம்

காரைக்கால் கடைத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிராந்திக் கடை. அப்படிப்பட்ட ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் சில்வியா லேசில் நம்பிவிடுவாளா? போலகத்து ஆரோக்கியஜோசப் தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. ஊர் யாரைத்தான் அப்படிச் சொல்லவில்லை? “வாயால சொல்றதெல்லாம் வேணாம்ப்பா, ரத்தத்தப் பாத்துடுவோம்” என்று அப்பாவை அடக்கிவிட்டு, தான் வேலை பார்க்கும் லேபுக்கே அவனை வரவழைத்தாள்.

குடிக்கிறவர்களுக்கு ஜிஜிடி என்ற நொதி ரத்தத்தில் ஏறிக் கிடக்கும். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். சில்வியா ரத்தத்தைச் சுற்றவிட்டு, மேலே தெளிந்த சீரத்தை எடுத்து, கிட்டில் இருந்த மருந்தோடு கலந்து மெஷினில் வைத்தாள். இருபத்திரண்டு. ஐம்பதுக்குள் இருந்தால் சுத்தம் என்று கணக்கு. நம்பாமல் இன்னொரு தரம் போட்டாள். அதே எண். “கண்ண மூடிக்கிட்டு கட்டிக்கடி” என்று தங்கை ரெஜினாவிடம் சொன்ன மகராசி அவள்தான்.

ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். விருந்துப் பந்தியிலேயே மாப்பிள்ளை தள்ளாடினார். சந்தோஷத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார் என்றார்கள். அந்தப் பாழாய்ப்போன சந்தோஷம் ஆடி பிறந்தும் தெளியவில்லை.

ஒரு மத்தியானம் ரெஜினா லேபுக்கு வந்தாள். உதடு வீங்கியிருந்தது.

“அடிச்சானாடி?”

“அவர விடுக்கா. அவுங்க அம்மா பேசுறதுதான் தாங்கல. ‘ஒங்க அக்காவே ரத்தத்தப் பாத்து சுத்தமுன்னு சொல்லுச்சு, நீ வந்தப்பறந்தான் எம்புள்ள கெட்டான்’னு தெருவுல நின்னு ஏசுறாங்க.”

“முன்னாடி குடிச்சதே இல்லையாமா?”

“பக்கத்து வூட்டுல கேட்டேன். வருஷம் பூரா குடிதானாம். ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவசுல மட்டும் தொட மாட்டாராம். சாம்பல் புதனோட நிறுத்திடுவாராம்.”

சில்வியா விரல் மடக்கி வாரங்களை எண்ணினாள். ஊற்றுவதைச் சில வாரம் நிறுத்தினால் அந்த நொதி தானாக இறங்கிவிடும், படித்தவள்தான், தெரியாததில்லை. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால்தான் பேச்சுவார்த்தையை எல்லாரும் அப்போது வைத்துக்கொள்கிறார்கள். அவன் ரத்தத்தை எடுத்த அன்று அவளும் ஒருபொழுது இருந்தாள். வெறும் வயிற்றோடு ஊசி குத்தியவளுக்கு இது உறைக்கவில்லையே. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“தப்பு எம்மேலடி. நான் தவசுல பாத்துத் தொலைச்சிட்டேன். அந்தம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்.”

“தவசுன்னு சொன்னா, எம்புள்ளையோட பக்தியக் கொற சொல்றியான்னு கேப்பாங்க.”

“அப்ப அவர கூட்டிக்கிட்டு வா. மறுபடியும் எடுத்துப் பாப்போம். இப்ப ஏறிக் கெடக்கும், கண்ணால பாக்கட்டும்.”

ரெஜினா வீங்கிய உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“அப்ப இருபத்திரண்டு, இப்ப எரநூறுன்னு காட்டுவ. நடுவுல வந்தவ நாந்தானேக்கா?”