ஐப்பசியில் சோளகம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நிதர்சன் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான். தலையில் எதையும் வைத்துப் பழகாதவன் அவன். மண்டை பிளக்கிற வெயிலிலும் வெறுந்தலையோடு கடலுக்குப் போவான், கேட்டால் கடவுள் தந்த குடை தலையிலேயே முளைத்திருக்கிறது என்பான். பஸ்ஸை விட்டு இறங்கிய சுலக்சனா தம்பியின் முகத்துக்கு முதல் அந்த நீலத் தொப்பியைத்தான் கண்டாள். அதற்குக் கீழே, காதோரம், புதிதாக மழித்த தோல் வெளுப்பாகத் தெரிந்தது. கொள்ளி வைத்த மகனின் தலை அது. அவன் சொல்லத் தொடங்க முதலே அவள் முந்திக்கொண்டாள்.

"எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"திங்கள் மத்தியானம். நீ நாலாவது சோதினை எழுதின அண்டைக்கு."

இன்று சனிக்கிழமை. அப்பாவை எரித்தே நாலு நாளாகிவிட்டது. அவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படகை நோக்கி நடந்தான், அவளும் பின்னால் நடந்தாள். அழுகை வரவில்லை. இறங்குதுறைக் கம்பத்தில் எதையோ அவசரமாக அறுத்தெடுத்த கயிற்றுத் துண்டுகள் தொங்கின. கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்த இடம் அதுதான் என்று விளங்கிக்கொள்ள ஒரு சட்டத்தரணி தேவையில்லை.

படகில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் காற்றுப் படுகிற ஓர இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். கதிர்காமு அண்ணை தன் சோடாப் போத்தலைத் திறந்து அவள் கையில் வைத்தார். நெடுந்தீவில் ஒரு மாடு செத்தால் அது கனடாவில் விடிய முதல் முகப்புத்தகத்தில் வந்துவிடும். அப்படிப்பட்ட ஊர், அவள் அப்பா குழந்தைவேலு செத்த செய்தியை ஐந்து நாள் வாய்க்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறது. பிள்ளை சோதினை எழுதுகிறாள், ஒருத்தரும் போடவேண்டாம் என்று அம்மா வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாளாம். வெளிநாட்டுச் சனம் உட்பட எல்லாரும் கேட்டார்கள். அவளுக்காக ஒரு தீவு முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பொய் அவளிடம் பலிக்கவில்லை.

அவள் சட்டத்தரணியாவது அப்பாவின் ஆசை என்று சொன்னால் போதாது, அது அவருடைய கோபம். மேற்குப் பக்கத்துப் பனங்காணிக்கு ஒன்பது வருசம் வழக்குப் பேசினவர். தவணை தவறாமல் விடியப் படகேறிக் கரைக்குப் போய்விடுவார். ஒரு ஆடி மாதம் சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்ததில் படகு விடவில்லை. அன்றைக்குத்தான் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. காற்றடித்தது என்று அங்கே எழும்பி நின்று சொல்ல எங்கட ஆள் ஒருத்தர் இல்லையே என்று அதற்குப் பிறகு அவர் சொல்லாத நாள் இல்லை. பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் எடுத்தாலும் கறுப்பு மேலங்கி போட அது காணாது, கொழும்பு புதுக்கடைச் சட்டக் கல்லூரியில் கடைசிச் சோதினை ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னபோது, "அதையும் முடிச்சிட்டு வா" என்றார். ஆறு பாடம். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொரு வருசம்.

அப்போதே அவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. சோதினை நெருங்க, ஃபோனில் கதைத்தால் பிள்ளைக்கு மனம் சிதறும், இனிக் காலமையில் குரல் பதிவு மட்டும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

முதல் சோதினை அன்று காலை, வெள்ளவத்தை அறையில், அவள் தலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது அது வந்தது. "பிள்ளை, அப்பா கதைக்கிறன். வெறுவயித்தோட போகாத. கேள்வியை ரெண்டுதரம் வாசிச்சிட்டு எழுது." அவ்வளவுதான். குரல் தெளிவாக இருந்தது. சிரித்துக்கொண்டு கேட்டவளுக்குச் சீப்புப் பாதித் தலையில் நின்றுவிட்டது. குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. கல்மதிலோரத்து வடலிப் பனை ஓலைகளைச் சோளகம் பிடித்து உலுப்புகிற இரைச்சல். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள், அதை மழை என்றோ கடல் என்றோ மாறி நினைக்க அவளால் ஏலாது. ஆனால் அது ஐப்பசி மாதம். சோளகம் புரட்டாசியோடு விழுந்துவிடும். ஐப்பசியில் நெடுந்தீவுக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடக்கும்.

அப்படியென்றால் இது இன்றைக்குப் பேசினதில்லை. ஆவணியிலேயே பேசிப் பதிந்து வைத்தது. இன்றைக்கு அவரால் பேச ஏலாது என்பதால்தான் அதை அனுப்புகிறார்கள்.

அன்றைய பாடம் சான்றுச் சட்டம். சந்தர்ப்பச் சான்று எப்போது போதும், எப்போது போதாது என்று இரவிரவாகப் பாடமாக்கின குறிப்பு மேசையில் விரிந்து கிடந்தது. அவள் அம்மாவின் இலக்கத்தை எடுத்தாள். விரலை வைக்கவில்லை. ஒரு காற்றுச் சத்தத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது? வேறு விளக்கமும் இருக்கலாமே. சும்மா முன்கூட்டிப் பேசி வைத்திருக்கலாம். பேச ஏலாவிட்டாலும் ஆள் இருப்பார்தானே, இன்னும் பதினொரு நாள்தானே. அறைத் தோழி துஷாந்தி ஆட்டோ வந்துவிட்டது என்று கீழேயிருந்து கூப்பிட்டாள். தன் வாழ்க்கையின் முதல் வழக்கைச் சுலக்சனா மாடிப்படி இறங்கும்போதே பேசி வென்றாள். கட்சிக்காரியும் அவளேதான்.

அதற்குப் பிறகு வந்த பதிவுகளிலும் அதே காற்று இரைந்தது. ஒவ்வொன்றையும் ஒரே தரம்தான் கேட்டாள். திங்கட்கிழமை பின்னேரம் மட்டும் பொறுக்க ஏலாமல் அம்மாவுக்கு எடுத்தாள். அம்மாவின் குரல் கட்டியிருந்தது. தடிமன் என்றாள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "நித்திரை பிள்ளை" என்றாள். அவளும் சரியென்று சொல்லி வைத்துவிட்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா உடைந்திருப்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். ஐந்து நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். சுலக்சனாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "முகத்தைக் காட்டாமல் அனுப்பிப்போட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்று விக்கினாள். கடைசி மூன்று நாளும் வாசலைப் பார்த்தபடியே கிடந்தாராம். அப்போதுதான் சுலக்சனாவுக்கு அழுகை வந்தது. வாய்க்குள் வந்த உண்மை ஒன்று அழுகையோடு சேர்ந்து கீழே போய்விட்டது. இவ்வளவையும் தனியச் சுமந்த மனுசியிடம், நீ மறைத்தது எனக்கு முதல் நாளே தெரியும் என்று எந்த வாயால் சொல்வது?

பின்னேரம் நிதர்சன் அப்பாவின் ஃபோனைக் கொண்டுவந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான். இரண்டு பேரும் பின்வளவுக் கல்மதிலோரம் இருந்தார்கள். இன்னும் ஒரு பதிவு மிச்சம் இருக்கிறது, உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுக்கிற அன்றைக்கு அனுப்பச் சொன்னவர், என்னால் அதுவரைக்கும் வைத்திருக்க ஏலாது, நீயே வைத்துக்கொள் என்றான். பிறகு மதிலடியைக் காட்டிச் சொன்னான்.

"இதிலதான் நிண்டு கதைச்சவர். நான் சொன்னனான், காத்து இரையுது, உள்ளுக்கை வாங்கோ, அக்கா பிடிச்சிடுவா எண்டு. வரமாட்டன் எண்டிட்டார்."

"ஏனாம்?"

"'அவளுக்கு விளங்கினா வரட்டும். விளங்காட்டி எழுதட்டும்' எண்டவர்." அவன் மழித்த தலையைத் தடவினான். "நல்லகாலம் அக்கா, உனக்கு விளங்கேல்லை."

சுலக்சனா மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம், விளங்கேல்லை என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. தம்பி எழும்பி, அம்மாவுக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனான்.

வடலியில் ஒரு ஓலையும் அசையவில்லை. பனைகளுக்கு அப்பால் கடல் தட்டையாகக் கிடந்தது. ஃபோனை மடியில் வைத்து, சத்தியப்பிரமாணத்துக்கு என்று வைத்திருந்த அந்தக் கடைசிப் பதிவை அவள் அழுத்தினாள். முதலில் காற்று வந்தது. ஓலைகளை உலுப்பி, கல்லில் மோதி, அசையாத அந்த வளவு முழுக்க இரைந்தது. அதற்குள் அப்பா ஒரு தரம் செருமினார். அவர் வாய் திறக்க முதல் அவள் நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து போட்டாள்.