பஸ்ஸுக்கு வரும் ப

பாரிஸில் எங்கள் தமிழ் அச்சகத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. கல்யாணக் கார்டுக்கு வருகிறவர்கள் உள்ளே வந்து கதிரையில் சாய்ந்து, காட்டிய மாதிரிகள் எல்லாவற்றிலும் குறை சொல்வார்கள். மரண அறிவித்தலுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று படத்தை நீட்டுவார்கள். அன்று கண்ணாடிக்கு வெளியே நின்று, நாங்கள் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்த ஆபிரிக்கப் பெண் எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவளுக்கு எங்கள் செத்தவர்களோடு என்ன வேலை? எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"இவர்கள் எல்லாரும் இறந்தவர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆம், மதாம்."

"ஒட்டுவதற்கு யார் அனுமதி தந்தது?"

"கடைக்காரர்தான். கண்ணாடி அவருடையது."

"அமைச்சகம்?"

"எந்த அமைச்சகம்?"

நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கல்யாண வகையினரின் கதிரையிலேயே உட்கார்ந்தாள்.

பெயர் ஃபந்தா. இதே ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மறுமுனையில், ஷத்தோ தோ பக்கம், தலைமுடி பின்னும் கடையில் வேலை. வாழைக்காய் வாங்க, எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷபெல்லுக்கு வருவாளாம். இந்தப் படங்களையெல்லாம் பார்த்து, ஏதோ தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளாம். அதைக் கேட்டு வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

"எனக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்றாள். "என் தம்பிக்கு. அவன் இறந்து மாதக் கணக்காகிறது. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமையும் பத்திரிகையில் எழுதியிருக்கிறான்."

பின்னால் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த முதலாளி ஞானரட்ணம் அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. "என்னவாம் பிள்ளை?"

"இவவின்ரை தம்பி செத்துப்போனாராம் அண்ணை. ஆனா பேப்பரிலை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாராம்."

"வடிவாக் கேட்டனியே அற்புதம்? மாறி விளங்கியிருக்கும்."

வடிவாகத்தான் கேட்டேன். மாறி ஒன்றும் விளங்கவில்லை.

அவள் தன் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்றாள், அதனால் எழுதவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன நாடு, அவ்வளவு போதும். அங்கே நாளிதழ் என்றால் ஒன்றுதான், அது அரசாங்கத்தினுடையது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பருத்திக் கம்பனி நடத்தி வந்ததை, சுதந்திரம் கிடைத்த கையோடு அரசாங்கம் எடுத்துக்கொண்டதாம். பெயரை மாற்றினார்கள். முதல் பக்கத்தில் ஆளுநரின் படம் இருந்த இடத்தில் ஜனாதிபதியின் படம் வந்தது. அதோடு மாற்றம் முடிந்தது.

"ஒவ்வொரு நாளுமா ஜனாதிபதி படம்?"

"ஒவ்வொரு நாளும்."

"அவர் ஒன்றுமே செய்யாத நாளில்?"

"முதல் நாள் கைகுலுக்கியதை வேறு பக்கமாக நின்று எடுத்த படம்."

எனக்குக் கேள்விமேல் கேள்வி வந்தது. கேட்கக் கேட்க அவளும் அலுக்காமல் சொன்னாள். ஆசிரியரை நியமிப்பது அமைச்சர். ஆசிரியரை நீக்கிவிட்டார்கள் என்பது ஆசிரியருக்கே வானொலியில்தான் தெரியவருமாம். ஓர் அமைச்சருக்குக் காலம் சரியில்லை என்பதை, விழாச் செய்தியில் அவர் பெயர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்த்துச் சனங்கள் கண்டுபிடிப்பார்களாம். பரீட்சை முடிவும் நீதிமன்ற அறிவித்தலும் வேறெங்கும் வராது, ஆகவே திட்டிக்கொண்டே வாங்குவார்கள். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். அது மரண அறிவித்தல் பக்கம். பொய் இல்லாத பக்கம் அது ஒன்றுதானாம்.

"நாங்களும் முதலில் செத்தவர்களைத்தான் வாசிப்போம்" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தம்பி லமீன் அந்தப் பத்திரிகையில் செவ்வாய்தோறும் எழுதினான். ஜனாதிபதி கட்டிய பாலம், ஜனாதிபதி திறந்த பள்ளிக்கூடம் என்று புகழ்ந்து எழுதுவதுதான் வேலை. அது பிடிக்காமல்தான் ஃபந்தா அவனோடு பேச்சை விட்டாள். ஒருநாள் அவன் பிறந்த ஊரில் ஜனாதிபதி தோண்டிக்கொடுத்த கிணற்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அப்படி ஒரு கிணறு ஊரில் இல்லை. லமீன் முடியாது என்றான். அலுவலகத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிணவறையில் வேலை செய்யும் பழைய சிநேகிதன் ஒருவன் உடலைப் பார்த்துவிட்டு ஃபந்தாவுக்கு அழைத்துச் சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தக் கிணற்றின் தண்ணீர் எவ்வளவு தித்திப்பு என்று லமீனின் படத்தோடும் பெயரோடும் கட்டுரை வந்தது. அதன் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை.

"அம்மாவிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன். 'உனக்கு அவன்மேல் கோபம், அதனால் வாயாலேயே சாகடிக்கிறாய்' என்றாள். பக்கத்து வீட்டு வாத்தியார் செவ்வாய்தோறும் வாசித்துக் காட்டுகிறார். 'இதோ, அச்சில் வந்திருக்கிறதே' என்கிறாள். இப்போது என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிறாள்." கண்ணாடியில் இருந்த படங்களைத் திரும்பிப் பார்த்தாள். "என் தம்பிக்காகத் தொழ ஆளில்லை. பெற்றவள் அழவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்திலும் போட மாட்டார்கள், அமைச்சகத்தின் முத்திரை வேண்டும். அம்மா அச்சைத்தான் நம்புவாள். எனக்கு அச்சில் வேண்டும்."

ஞானரட்ணம் அண்ணைக்கு நான் சொல்லி முடித்ததும், அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "ஊரிலை நாங்களும் பேப்பரை ஆர் நடத்திறது எண்டு பாத்துத்தானே வாசிச்சனாங்கள். போட்டுக் குடு பிள்ளை. எங்கடை ஆக்களுக்குப் போடுற மாதிரியே போடு. ஒரு குறையும் விடாதை."

அப்படியே செய்தேன். எங்கள் அறிவித்தலுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன். வரிவரியாகப் பிரெஞ்சில் விளக்கினேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இறந்தவனுக்கு ஊரும் உறவும் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு காகிதம் வற்புறுத்துவது நல்லதுதானே என்றாள். கேட்டதையெல்லாம் கையெழுத்தில் தமிழில் குறித்துக்கொள்வது என் பழக்கம்.

"தாயார் பெயர்?"

"நபு."

நபு என்று குறித்தேன். மேலே பிரெஞ்சிலும் கீழே தமிழிலும் தட்டெழுதினேன். பிழை பார்க்கும்படி திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் தம்பியின் படத்தை மட்டுமே பார்த்தாள்.

கடைசி வரி மிச்சம் இருந்தது. தகவல் என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி இலக்கம் போட வேண்டும்.

"என் இலக்கம் வேண்டாம்" என்றாள். "அதைக் கண்டால் அம்மா ஒன்றையும் நம்ப மாட்டாள்."

"அப்ப கடை நம்பரைப் போடுறன் அண்ணை" என்றேன்.

அண்ணை முகத்தைச் சுருக்கினார். "தகவல் எண்டு போட்டால் கேக்கிறவைக்குப் பதில் சொல்ல வேணும். ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! அன்றே கண்ணாடியில் ஒட்டினோம். கைதடியில் பிறந்து பியர்ஃபித்தில் காலமான ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருக்குப் பக்கத்தில் லமீன். ஃபந்தா அதைப் படமெடுத்துத் தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினாள். அது அவர்களின் நாட்டுக்குள் கைபேசி கைபேசியாகப் போயிற்று. கடைக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. சிலர் பெயர் சொல்லாமல் 'உண்மையா?' என்று மட்டும் கேட்டார்கள். சிலர் நான் 'ஹலோ' சொன்னதும் வைத்துவிட்டார்கள். ஃபந்தாவின் அம்மாவிடமிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை.

அடுத்த செவ்வாய் காலை ஃபந்தா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மறுத்துவிட்டார்கள்! பாருங்கள், மறுத்துவிட்டார்கள்!"

கைபேசியில் அந்தப் பத்திரிகை. லமீனின் படம். தலைப்பு: 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்.' பாரிஸில் உள்ள சில தீயவர்கள், யாருக்கும் புரியாத எழுத்தில் தன்னைக் கொன்றுவிட்டதாக அவனே எழுதியிருந்தான். யாருக்கும் புரியாத எழுத்தாம்! எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது.

"இதில் என்ன சந்தோஷம்?" என்றேன்.

"எங்கள் நாட்டில் ஒன்றை எல்லாரும் நம்ப வேண்டுமென்றால் அந்தப் பத்திரிகை அதை மறுக்க வேண்டும். இப்போது நாடு முழுவதற்கும் தெரியும், என் தம்பி இல்லை என்று."

"அம்மாவுக்கு?"

அவளுடைய முகம் விழுந்துவிட்டது. தாயைக் குறித்தே அதில் ஒரு வரி இருந்தது: 'என் அருமைத் தாய் நபு கலங்க வேண்டாம்.' வாத்தியார் வாசித்ததும் அம்மா ஊருக்கே சர்க்கரை கொடுத்தாளாம். அதைச் சொல்லிக்கொண்டே அந்த வரியை இரண்டு விரலால் பெரிதாக்கியவள், சட்டென்று நிறுத்தினாள்.

"இது என்ன? அம்மாவின் பெயர் இப்படி இல்லையே."

கண்ணாடிக்கு ஓடினேன். அறிவித்தலிலும் அப்படியேதான் இருந்தது. அவள் சொன்னது பஸ்ஸுக்கு வரும் ப. நான் காகிதத்தில் நபு என்று குறித்தேன். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் தட்டெழுதியபோது பாரிஸுக்கு வரும் ப போட்டுவிட்டேன். எங்களுக்கு இரண்டும் ஒரே எழுத்து. அமைச்சகத்தில் இருந்து லமீனாக எழுதுகிறவனுக்குத் தாயின் பெயர் தெரியாது, அவன் என் அறிவித்தலைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

ஒரு தாயின் பெயரைப் பிழையாக அச்சடித்துவிட்டேன் என்ற வெட்கம்தான் எனக்கு முதலில் வந்தது. "மன்னித்துவிடுங்கள், இப்போதே திருத்தி அடித்துத் தருகிறேன்" என்றேன். ஃபந்தா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கடைத் தொலைபேசி அடித்தது.

வயதான பெண்குரல். என்னைப்போலவே பள்ளிக்கூடத்தில் படிக்காத, சந்தையில் பழகிய பிரெஞ்சு.

"தகவல் என்று இந்த இலக்கம் போட்டிருக்கிறதாம். வாத்தியார் சொன்னார். நீ யார்?"

"அறிவித்தலை அச்சடித்தவள், மதாம்."

"என் பெயரை வாத்தியார் பிழையாக வாசித்தார். ஏன் என்று கேட்டேன். பத்திரிகையில் அப்படித்தான் இருக்கிறது என்றார். உன்னுடையதிலும் அப்படியே இருக்கிறதாம். அந்தப் பிழையைச் செய்தது யார்?"

ஃபந்தா என்னைப் பார்த்தாள். ஞானரட்ணம் அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டார். என் பிழை என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு மகன் இல்லை. சொல்லாவிட்டால் வருகிற செவ்வாயும் அவன் எழுதுவான். தகவல் என்ற சொல்லை எத்தனை வருடமாகத் தட்டெழுதுகிறேன், அதன் பாரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது.

"நான்தான் அம்மா" என்றேன். "எங்கள் மொழியில் அந்த இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்து. என் கைப்பிழை."

"என் மகனுடையது இல்லையா?"

"இல்லை அம்மா."

அந்தப் பக்கம் எங்கோ ஓர் ஆடு கத்தியது.

"அவன் முதன்முதலில் எழுதப் பழகியது என் பெயரைத்தான்" என்றாள். "என் மகள் அங்கே நிற்கிறாளா?"

"நிற்கிறாள்."

"அவளிடம் கொடு."

கொடுத்தேன். ஃபந்தா இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தாய் அழத் தொடங்கியது எனக்கே கேட்டது.